சீதாவைக் கீழே இறக்கிய மழைக்காலம்

சீதாவின் பள்ளிக்கூடச் சப்பாத்து அன்றைக்குக் காலில் ஏறவில்லை. முந்தின மாதம்தான் தானா ராத்தா டவுனில் பெரிசாகப் பார்த்து வாங்கிய சப்பாத்து. நவமணி நாடாவை முழுசாக உருவிவிட்டுத் தள்ளிப் பார்த்தாள். குதிகால் உள்ளே போக மறுத்தது. பிள்ளையின் கணுக்காலைப் பெருவிரலால் அமுக்கினாள். விரலை எடுத்த பிறகும் அந்த இடத்தில் குழி அப்படியே நின்றது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க."

இருளப்பன் அடுப்படியில் உட்கார்ந்து பழைய சோற்றில் நெத்திலி சம்பலைப் பிசைந்துகொண்டிருந்தான். தேயிலைக் கம்பெனியில் கொழுந்து காயவைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை அவனுக்கு. நாளெல்லாம் நெருப்புக்கு முன்னால் நிற்கிறவன், வெளியே வந்தால் மலைக்குளிர். அதனால் வருஷம் முழுவதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பான். கையைக் கழுவாமல் எழுந்து வந்து பார்த்தான். குழி மெல்ல மெல்லத் தூர்ந்தது.

"குளிருக்கு வீங்கியிருக்கும்," என்றான்.

"குளிரு இன்னிக்கா வந்துச்சு? எட்டு வருசமா இந்தக் குளிர்லதான இருக்கா."

சீதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டு வயது, பார்க்க ஐந்து வயது போல் இருப்பாள். உதடு எப்போதும் நாவல்பழம் தின்றவள் மாதிரி நீலம் பாரித்திருக்கும். விரல் நுனிகள் உருண்டு தடித்து, நகமும் அதே நிறத்தில் இருக்கும். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போவாள். கூடப் போகிற பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. அவள் உட்கார்ந்தால் அவர்களும் நின்று கொள்வார்கள்.

"செலிப்பரு போட்டுக்கிட்டுப் போறேம்மா," என்றாள் சீதா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

நவமணி அன்று காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகவில்லை. கொழுந்துக் கூடையை மூலையில் கவிழ்த்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிளினிக்குக்கு நடந்தாள். இருளப்பன் பின்னாலேயே போனான். மலை முழுக்க மூட்டம். தேயிலைச் செடிகள் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து, வேலையை மேற்பார்க்கிற தண்டல் காளிமுத்து பெண்களை நிரை பிடிக்கச் சொல்லிக் கத்துகிற சத்தம் மட்டும் வந்தது.

தங்கராஜு டிரசர் பதினைந்து வருஷமாக அந்தக் கிளினிக்கில் மருந்து கொடுக்கிறவர். காய்ச்சலுக்குச் சிவப்புத் தண்ணி, வயிற்றுக்கு வெள்ளைத் தண்ணி என்று கேலி பேசினாலும், அவர் முகம் மாறினால் தோட்டமே பயப்படும். பிள்ளையின் வயிற்றை வலப்பக்கம் அமுக்கிப் பார்த்தார். கழுத்து நரம்பைப் பார்த்தார். குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ராவுல எப்படித் தூங்குறா?"

"படுக்க மாட்டேங்குறாய்யா. ரெண்டு தலைவாணிய முதுகுக்கு வச்சுச் சாஞ்சுக்கிட்டே தூங்குறா. பத்து நாளா இப்படித்தான்," என்றாள் நவமணி.

"பத்து நாளா? இப்பத்தான் வந்து சொல்றியாம்மா?"

அவர் மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்புகிற கடிதம், சுராட். இரண்டு வரி எழுதியவர் பேனாவை நிறுத்திவிட்டு இருளப்பனைப் பார்த்தார்.

"இருளப்பா, எழுவதாம் வருசம் பெரிய டாக்டரு வந்து இவளப் பாத்துட்டு இதே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாருல்ல? போயிட்டு வந்துட்டேன், வளர வளரச் சரியாப் போயிரும்னாங்கன்னு சொன்னியே. அவுங்க குடுத்த கார்டு இருந்தா எடுத்துக்கிட்டு வா."

"அது... வீடு மாறினப்போ எங்கயோ போயிருச்சுங்கய்யா."

"சரி, போனாப் போவுது. அவுங்ககிட்ட பைல் இருக்கும்."

நவமணி பிள்ளைக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. இருளப்பனுக்குக் கம்பெனி அடுப்பின் முன்னால் நிற்பது போல் உடம்பெல்லாம் வியர்த்தது.

எழுபதில் பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த அந்தச் சுராட் எங்கும் போகவில்லை. ஆறு வருஷமாக அவனுடைய தகரப் பெட்டியின் அடியில், வேட்டிக்குக் கீழே கிடந்தது. அதைப் பிரித்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கிற சிவப்பு ஐசிக்காரன். இந்த மலையில் பிறந்திருந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் பிரஜை ஆக முடியாதவன். அப்படிப்பட்டவர்களுக்கு வேலை பார்க்கவே பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது லயம் லயமாக ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனார்கள். எழுபதாம் வருஷம் ஆபீசர்கள் மலைக்கு வருகிற நாளும், சீதாவை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய நாளும் ஒன்றாக விழுந்தன. அன்றைக்கு நவமணி கருக்கலைந்து படுத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன், ஆபீசர் முன்னால் போய் நின்றான். இந்தத் தோட்டத்தில் மட்டும் வேலை செய்யலாம் என்று பெர்மிட் கிடைத்தது. பிறகு, மனைவியிடம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததாகவும், டாக்டர் சரியாகிவிடும் என்றதாகவும் சொல்லி வைத்தான். அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தான். அடுத்த வாரம் பிள்ளை நடக்கத் தொடங்கினாள். கை தட்டினாள். சிரித்தாள். நல்லாத்தானே இருக்கா, அங்கே போய் எதைக் கேட்டு வரப் போகிறோம் என்று அவனுக்குப் பயமாகிவிட்டது. அப்படியே ஆறு வருஷம்.

புறப்பட வேண்டிய நாளுக்கு முன்னால் நான்கு நாள் விடாமல் மழை. கொழுந்து லோரி ஓட்டுகிற அர்ஜுனன் புறப்படுகிற அன்று காலையில் வந்து கதவைத் தட்டினான்.

"அண்ணே, ரிங்லெட்டுக்குக் கீழ மண்ணு சரிஞ்சு ரோட்ட மூடிருச்சு. பஸ்ஸு வராது. நாளைக்கிப் போலாம்லா."

"நாளைக்கின்னா பெட்டு கெடைக்காது," என்றாள் நவமணி உள்ளேயிருந்து. "டிரசரு போன் பண்ணிச் சொல்லி வச்ச நாளு இது. மண்ணு கெடக்குற எடம் மட்டும் எங்கள விட்டுரு தம்பி. அங்கேருந்து நாங்க நடந்துக்குறோம்."

"எங்கக்கா நடப்பீங்க? சேறு முட்டிக்கால் மட்டும் இருக்கு. மேலேருந்து இன்னும் கல்லு உழுதுங்கிறாங்க."

"நீ வண்டிய எடு."

அந்தக் கணத்தில் ரோடு மூடியே கிடக்கட்டும் என்று இருளப்பன் நெஞ்சின் ஒரு மூலை ஆசைப்பட்டது. அது தனக்கே தெரிந்ததும் அவன் துணிமூட்டையை எடுத்து வாசலில் வைத்தான்.

ரிங்லெட் ஏரி கலங்கிச் செம்மண் நிறத்தில் கிடந்தது. அதைத் தாண்டி நாலு கல் போனதும் வண்டிகள் வரிசையாக நின்றன. முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள், ஒரு துரையின் கார், தாப்பாவுக்கு இறங்க முடியாமல் நிற்கிற பிரிஞ்சாங்கு வியாபாரிகள். முன்னால் மலையில் பாதி ரோட்டின் மேல் படுத்திருந்தது. மரங்கள் வேரோடு தலைகீழாக நின்றன. அந்தப் பக்கம், பனிமூட்டத்துக்குள், தாப்பாவிலிருந்து வந்த பஸ் திரும்பி நிற்பது தெரிந்தது.

ரோட்டு வேலைக்காரன் ஒருவன் போக முடியாது என்று மலாயில் கத்திக்கொண்டே கையை விரித்து மறித்தான். "தா போலே! தா போலே!"

"ஆனாக் சாக்கிட்," பிள்ளைக்குச் சுகமில்லை என்று நவமணி அவள் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். அவன் அந்த உதட்டைப் பார்த்தான். மறித்திருந்த கையைக் கீழே போட்டான்.

இருளப்பன் முன்னால் குனிந்தான். சீதாவை முதுகில் ஏற்றி, நவமணியின் சேலை ஒன்றால் தன்னோடு சேர்த்துக் கட்டினார்கள். அர்ஜுனன் ஒரு கயிற்றைத் தன் இடுப்பிலும் அவன் இடுப்பிலும் முடிந்துகொண்டு முன்னே போனான். நவமணி துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

சேறு குளிர்ந்து, காலைக் கவ்வியது. ஒரு அடி எடுத்து வைக்க இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. மேலே எங்கோ மண் கரைந்து சலசலவென்று சிறு கற்கள் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதி தூரத்தில் அர்ஜுனன் கையை உயர்த்தி நிற்கச் சொன்னான். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். பெரிய கல் ஒன்று அவர்களுக்கு முன்னால் பத்து முழத்தில் உருண்டு, ஓரத்து மூங்கிலை முறித்துக்கொண்டு பள்ளத்தில் போய் விழுந்தது.

அப்படி நின்றபோதுதான் இருளப்பன் அதை உணர்ந்தான். பிள்ளையின் நெஞ்சு அவன் முதுகெலும்பில் அடித்துக்கொண்டிருந்தது. அவளிடம் கனமே இல்லை, பாதிச் சாக்குக் கொழுந்து அளவுதான். ஆனால் அந்த அடி மட்டும் பெரிய ஆள் உள்ளேயிருந்து கதவை உதைப்பது போல் இருந்தது. உதைத்துவிட்டு, ஒழுங்கில்லாமல் ஒரு நடுக்கம். மறுபடியும் உதை. எட்டு வருஷத்தில் அவன் பிள்ளையை எத்தனையோ முறை தூக்கியிருக்கிறான். இதைக் கேட்டதில்லை. கேட்க நின்றதில்லை.

"ப்பா, எறக்கி விடுறியா? உனக்கு முதுகு வலிக்குதா?" என்று காதுக்குள் கேட்டாள் சீதா.

"இல்லடா. நீ பேசாத. பேசினா மூச்சு வாங்கும்."

அந்தப் பக்கம் ஏறியதும் அர்ஜுனன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, சீதாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் புறங்கையால் துடைத்துவிட்டான். "போயிட்டு வா தங்கச்சி. திரும்பி வரையில நான் தாப்பாவுக்கு வந்து ஏத்திக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் சேற்றில் இறங்கினான்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். முதலில் நீர் போக மருந்து கொடுத்தார்கள். கால் வீக்கம் வடிந்து, கணுக்கால் எலும்பு தெரிந்தது. நவமணிக்கு முகத்தில் உயிர் வந்தது. பிறகு தொடை நரம்பு வழியாகக் குழாய் விட்டு இதயம் வரைக்கும் பார்த்தார்கள். பத்தாம் நாள் காலையில் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்கள். சீனப் பெண் டாக்டர், இளவயதுக்காரி. பக்கத்தில் மிசி என்று எல்லோரும் கூப்பிடுகிற தமிழ் நர்ஸ் சரோஜா நின்றாள். டாக்டர் மலாயில் சொல்லச் சொல்ல, மிசி அதைத் தமிழில் சொன்னாள்.

"நெஞ்சுக்குள்ள நாலு அறை இருக்கணும்மா. நடுவுல செவுரு இருக்கணும். உங்க புள்ளைக்கு வயித்துக்குள்ள இருக்கையிலயே அந்தச் செவுரு முழுசா வளரல. ரெண்டு கதவு இருக்க வேண்டிய எடத்துல ஒரே பெரிய கதவா இருக்கு. அதுவும் ஒழுங்கா மூடல. ஒவ்வொரு தடவ அடிக்கையிலயும் கொஞ்சம் ரத்தம் வந்த வழியே பின்னால ஒழுகுது. அதனாலதான் கால் வீக்கம், வயித்து வீக்கம் எல்லாம்."

"தச்சு மூடிற முடியாதா மிசி?" நவமணி கேட்டாள்.

மிசி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையை அசைத்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"இப்ப முடியாதும்மா. இத்தன வருசமா அந்த அழுத்தத்தத் தாங்கித் தாங்கி நொரையீரல்ல உள்ள ரத்தக்குழாயெல்லாம் இறுகிப் போச்சு. இனிமே செவுத்த அடைச்சா மேசையிலயே போயிருவா. மருந்து தரோம். மருந்துல கொஞ்ச காலம் ஓடும்."

"எவ்வளவு காலம்?"

"அது சொல்ல முடியாதும்மா. ஆனா ஒன்னு. டாக்டரு கண்டிசனாச் சொல்றாங்க. மலைக்கு மேல கூட்டிட்டுப் போகக் கூடாது. மேல காத்து லேசு. குளிரு வேற. இந்தப் புள்ளைக்கு அது ஆவாது. கீழ எங்கயாச்சும் வச்சுப் பாருங்க."

டாக்டர் மேசையிலிருந்த பைலைப் புரட்டினாள். புதுத்தாள்களுக்கு அடியில், பழுப்பேறிய ஒரே ஒரு தாள் இருந்தது. அதை எடுத்து மிசியிடம் காட்டி ஏதோ கேட்டாள். இருளப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

"எழுவதுல, ரெண்டு வயசுல, ஒரு தேதி குடுத்துருக்காங்களே. வரலன்னு எழுதியிருக்கு. ஏன் வரலன்னு டாக்டரு கேக்குறாங்க. அப்ப வந்திருந்தா நொரையீரலுக்குப் போற கொழாய்க்கு ஒரு கட்டுப் போட்டுக் காப்பாத்தி வச்சுருக்கலாமாம். நிச்சயமுன்னு சொல்லல. முயற்சி பண்ணியிருக்கலாமாம்."

"இல்லையே மிசி. போனாங்களே," என்றாள் நவமணி. "இவுங்கதான தூக்கிட்டுப் போனாங்க."

நவமணி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"அன்னிக்கி என்ன நாளு?"

"பெர்மிட்டு ஆபீசருங்க மலைக்கி வந்த நாளு புள்ள."

"சரி. அதுக்கு அடுத்த நாளு?"

அவன் வாயைத் திறந்தான்.

"அடுத்த நாளு என்ன வேல? அதுக்கு அடுத்த வாரம்? அதுக்கு அடுத்த மாசம்?"

அவள் சத்தம் போடவில்லை. அவன் பதில் சொல்வானா என்று நிஜமாகவே காத்திருப்பவள் போல் கேட்டாள். மிசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நவமணி எழுந்து, டாக்டருக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வார்டுக்குப் போனாள். அதன் பிறகு இரண்டு நாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிற வரைக்கும், அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றுப் பொட்டலத்தை வாங்கி அவன் பங்கைப் பிரித்து வைப்பாள். தண்ணீர் வைப்பாள்.

தாப்பாவில் பஸ் நின்றபோது வெயில் பொரிந்துகொண்டிருந்தது. மலைக்குளிரில் பழகியவர்களுக்கு அந்தப் புழுக்கமே மூச்சை அடைத்தது. சீதா மட்டும் நெற்றியில் வேர்வை துளிக்க, "நல்லாச் சூடா இருக்குல்லம்மா," என்று சிரித்தாள். மருந்து குடித்த பன்னிரண்டு நாளில் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு நோயே இல்லை என்று தோன்றும். ஆறு வருஷத்துக்கு முன்னாலும் இந்த முகத்தைப் பார்த்துத்தான் இருளப்பன் ஏமாந்தான்.

டிரசரிடம் நாளைக் கேட்டுக்கொண்டு, சொன்னபடியே அர்ஜுனன் லோரியோடு வந்திருந்தான். தேயிலைப் பெட்டிகளை ஸ்டேசனில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகக் காத்திருந்தான்.

"ரோட்டத் தொறந்துட்டாங்கண்ணே. ஏறுங்க, இருட்டுறதுக்குள்ள போயிரலாம். ஆபீஸ் கிராணி ரெண்டு தடவ கேட்டுட்டாரு. திங்கக்கெழம வேலைக்கி வரலன்னா பேர வெட்டிருவாங்களாம்."

"நாங்க வரல தம்பி," என்றாள் நவமணி. "பீடோர்ல எங்கக்கா வேலம்மா இருக்கு. ரப்பர் தோட்டம். நானும் புள்ளையும் அங்க போறோம். கிராணிகிட்டச் சொல்லி என் பேர வெட்டிரச் சொல்லு. சேலையும் புள்ளையோட பொஸ்தகமும் மட்டும் அடுத்த தடவ வரையில கட்டிக் குடுத்து விடு."

"அப்ப அண்ணன்?"

"அவுங்களுக்குப் பெர்மிட்டு மேல இருக்கு," என்றாள். அதில் குத்தல் இல்லை. கொழுந்து எவ்வளவு எடை என்று தண்டலிடம் சொல்வது போல் சொன்னாள். சொல்லிவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பீடோர் பஸ்ஸுக்கு நடந்தாள்.

இருளப்பன் லோரியின் கதவைப் பிடித்தபடி நின்றான். மேலே அவனுக்கு அடுப்பு இருந்தது, வீடு இருந்தது, பேர் பதிந்த தாள் இருந்தது. கீழே ஒன்றுமில்லை. அந்தத் தாள் மலைத் தோட்டத்துக்கு வெளியே செல்லாது. பிடித்தால் கேள்வி கேட்பார்கள். வேலம்மாவின் புருஷன் ஒருவேளை ஒளித்து மறைத்துக் காட்டில் விறகு வெட்ட விடுவான். அதற்கு மேல் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. பஸ்ஸின் படிக்கட்டில் சீதா ஒரு காலை வைத்துவிட்டு, மற்றக் காலைத் தூக்க மூச்சுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். நவமணி அவளை அவசரப்படுத்தாமல் நின்றாள்.

அவன் இடுப்பிலிருந்து லயத்து வீட்டுச் சாவியை அவிழ்த்தான்.

"இந்தா அர்ஜுனா. கிராணிகிட்டக் குடுத்துரு."

"என்னண்ணே இது? வெளையாடுறியா? இத விட்டா இன்னொரு பெர்மிட்டு கெடைக்குமா? கப்பலேத்தி விட்டுருவாங்கண்ணே. உனக்கு அந்த ஊர்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"அப்பறம்?"

"போன தடவ அதுக்குத்தான்டா நின்னேன்," என்றான் இருளப்பன். அர்ஜுனனுக்கு அது விளங்கவில்லை. சாவியை வைத்துக்கொண்டு முழித்தான்.

பஸ்ஸில் நவமணியும் சீதாவும் ஜன்னலோரமாக இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஏறி வந்ததை நவமணி பார்த்தாள். தள்ளி உட்காரவில்லை. அவன் அவர்களுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தான். சீதா மட்டும் சீட்டுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ப்பா, நீயும் பெரியம்மா வீட்டுக்கு வர்றியா?" என்றாள்.

"ஆமாடா."

"எப்ப மேல போவோம்?"

"போவோம். நீ சாஞ்சுக்க."

பஸ் புறப்பட்டது. வெயிலில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. சீதா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. உதட்டின் நீலம் இந்த வெளிச்சத்தில் இன்னும் கருப்பாகத் தெரிந்தது. கழுத்துக்குழியில் நரம்பு ஒன்று துடித்தது. சில நேரம் வேகமாக, சில நேரம் நின்று, பிறகு தடுமாறி மறுபடியும்.

இரண்டு நாளாக நவமணி கண்ணை மூடவில்லை. தலை முன்னால் விழுவதும், திடுக்கிட்டு நிமிர்ந்து பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பதுமாக இருந்தாள். மூன்று தடவை அப்படி நிமிர்ந்தவள், நான்காவது தடவை திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"முன்னால வந்து ஒக்காருங்க. அவ மூச்சப் பாத்துக்கிட்டே இருங்க. நான் கொஞ்சம் கண்ணசந்துக்குறேன்."

அவள் எழுந்து பின்சீட்டுக்கு வந்தாள். அவன் அவள் இடத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான். சீதா விழிக்கவில்லை. அவன் குனிந்து அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறியது. இறங்கியது. அடுத்தது வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அவன் காத்திருந்தான்.